மின்கலத்திற்கு இடம் எங்கே?

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்க்குச் சில தொடர்கள் கைப்பழக்கமாகிவிடுகின்றன. மருந்தாயினும், விதையாயினும், மின்கருவியாயினும், அதனோடு வரும் குறிப்பேட்டின் இறுதியில் "குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்" என்றொரு வரி வந்தே தீரும். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நாம், இவ்வரியை எத்தனை முறை எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. எழுதும்போது பேனா ஒரு கணமும் தயங்கியதில்லை. அத்தகைய இடம் ஒரு வீட்டில் எங்கே இருக்கிறது என்று நாம் வினவிக்கொண்டதும் இல்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, புணே நகரை அடுத்த சிஞ்ச்வட்டில், அந்தக் கேள்வி நம் வீட்டிற்கே வந்து சேர்ந்தது.

சிஞ்ச்வட் பவனா நதிக்கரையில் உள்ள பழைய ஊர். மோரயா கோசாவியின் சமாதிக் கோயிலால் புகழ் பெற்றது. பின்னர் தொழிற்சாலைகளால் வளர்ந்தது. இன்று எக்ஸைட் என்று அறியப்படும் பாட்டரி நிறுவனம் தனது இரண்டாவது தொழிற்சாலையை 1969-இல் இவ்வூரில்தான் நிறுவியது. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் இப்பகுதியில் நிறைய உண்டு. கடல் மட்டத்திற்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டுநிலமாதலால், புணே வட்டாரம் இதமான தட்பவெப்பம் உடையது என்று நம் நாட்டில் ஒரு பெயர் நிலவுகிறது. மழைக்காலத்திற்கும் குளிர்காலத்திற்கும் அப்பெயர் பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களுக்குப் பொருந்தாது. 2019 ஏப்ரல் இறுதியில் புணேயில் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டது. இங்கு நாம் சொல்லும் டிகிரி யாவும் சென்டிகிரேடு என்று கொள்க.

நாம் குடியிருப்பது இவ்வூரார் ரோ ஹவுஸ் என்று அழைக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு ஒட்டியவை. முன்புறம் மேற்கு, பின்புறம் கிழக்கு. வெளிக்காற்று படும் சுவர்கள் இவ்விரண்டே. 2021-இல் மொட்டை மாடியில் சூரிய ஒளி மின்பலகைகளை அமைத்தோம். அவற்றோடு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய அமில மின்கலங்கள் இரண்டையும், இன்வர்ட்டர் ஒன்றையும் வாங்கினோம். மின்கலங்கள் பகலில் சேர்த்துவைக்கும் நேர் மின்னோட்டத்தை, வீட்டுக் கருவிகளுக்கேற்ற மாறுதிசை மின்னோட்டமாக்கித் தருவது இன்வர்ட்டரின் வேலை. இச்செலவிற்கு நாம் துணிந்த காரணம் நம் தாயார். அவருக்கு இரவில் ஆக்சிஜன் செறிவூட்டும் கருவி தேவை. அக்கருவி ஏறத்தாழ 350 வாட் மின்சாரத்தை இடைவிடாது உண்பது. மின்கலங்களின் கொள்ளளவு 3,600 வாட்-மணி. அதில் பாதியைச் செலவிட்டாலும் ஐந்து மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டோம். கணக்கில் பிழையில்லை.

பொருத்த வந்தவர், மாடிப்படி முடியும் இடத்தில் மொட்டை மாடிக்கு வாயிலாக நிற்கும் சிறிய கூண்டறையைக் காட்டி, இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்றார். மின்பலகைகள் அருகிலேயே இருப்பதால் கம்பிச் செலவு குறையும். வீட்டினுள் இடமும் அடைபடாது. யாருடைய காலிலும் இடறாது. நமக்கும் அது நியாயமாகவே பட்டது. நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் மின்கலம் குடியிருப்பது இக்கூண்டறையில்தான்.

இரண்டு கோடைகள் சென்றன. அந்த மே மாத மாலையில், மராத்தியர் வளீவ் என்று கூறும் கோடை இடிமழை பெய்தது. எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்தது, மின்சாரம் நின்றது. இன்வர்ட்டர் வழக்கம்போல் பொறுப்பேற்றுக்கொண்டது. ஐந்து மணி நேரம் என்று நம்பியிருந்தோம். நாற்பதாவது நிமிடத்தில் அபாய ஒலி எழுந்தது. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிற்று. இருட்டில் தாயாரின் மூச்சொலி மட்டும் கேட்டது. எதிர்க் கட்டிடம் அடுக்குமாடி. அங்கே ஜெனரேட்டர் உண்டு. அதன் தரைத்தளத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர், பாட்டரித் தொழிலில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாம் அவரைக் காகா என்று அழைப்பது வழக்கம். தாயாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, கருவியையும் எடுத்துக்கொண்டு, மழையில் தெருவைக் கடந்து அவர் வீட்டை அடைந்தோம். இரவு இரண்டு மணி வரை அங்கேயே இருந்தோம்.

மறுநாள் பிற்பகல் காகா நம் வீட்டிற்கு வந்தார். வயதைப் பாராமல் இரண்டு மாடி ஏறினார். கூண்டறையின் தகரக் கதவைத் திறந்து, மின்கலத்தின் மேல் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். மூடியைத் திருகித் திறந்தார். தகடுகளின் தலை நீர்மட்டத்திற்கு மேலே தெரிந்தது. "பெட்டியின் மேல் குற்றம் இல்லை. இதை யாரோ அடுப்பின் மேல் வைத்திருக்கிறார்கள்" என்று மராத்தியில் சொல்லி, நம் முகத்தைப் பார்த்தார்.

நேயர்களே, நாம் கலைப் பட்டதாரி; இரசாயனத்தைப் பள்ளியோடு விட்டவர். ஆதலால் காகா விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் கூறுகிறோம்.

ஈய அமில மின்கலத்தை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகளை மூழ்கவைத்து, இரசாயன மாற்றத்தால் மின்சாரத்தைச் சேமித்து மீட்பது அதன் தத்துவம். வெப்பம் கூடினால் இரசாயன மாற்றங்கள் விரைவுபெறும். இவ்விரைவுக்குக் கணித வடிவம் தந்தவர் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ், ஆண்டு 1889. குளிர்நாட்டில் பிறந்தவரின் சூத்திரம் நம் மொட்டை மாடியை வந்தடைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மின்கலத்தினுள் நமக்கு வேண்டிய மாற்றங்களோடு வேண்டாதவையும் நிகழ்கின்றன. தகட்டின் உள்ளே இருக்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது. நீர் வாயுவாகப் பிரிந்து போகிறது. வெப்பம் இவற்றையும் விரைவுபடுத்துகிறது. தொழிலில் உள்ளோர் கைக்கொள்ளும் கணக்கு இது: 25 டிகிரியை இயல்பான வெப்பநிலையாகக் கொண்டு, அதற்கு மேல் சராசரி வெப்பம் பத்து டிகிரி கூடினால் மின்கலத்தின் ஆயுள் பாதியாகும். 25 டிகிரியில் ஐந்து ஆண்டுகள் உழைப்பது 35-இல் இரண்டரை ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். ஒரு நாள் உச்சி வெயிலைக் காட்டிலும் சராசரி முக்கியம் என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் சுட்டு இரவில் ஆறும் இடத்தைவிட, பகலிலும் சுட்டு இரவிலும் ஆறாத இடமே கொடியது.

வெப்பத்தில் மின்கலம் வாடுகிறது என்பதை நாம் முதலில் அறிந்துகொள்ளாததற்கும் காரணம் உண்டு. சூடேறிய மின்கலம் அன்றைய தினம் சற்று அதிகமாகவே மின்சாரம் தரும். கோடையில் நன்றாக உழைக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அதன் ஆயுள் கரைந்துகொண்டிருக்கும்.

லித்தியம் மின்கலம் வாங்கினால் இத்தொல்லை இல்லையே என்று சிலர் கேட்பர். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகை பொதுவாக ஈய மின்கலத்தைவிட நீண்ட ஆயுள் உடையது. நீர் ஊற்ற வேண்டாம். எனினும் அதுவும் வெப்பத்தால் முதுமை அடையும். நிறைய மின்னேற்றிய நிலையில் சூட்டில் கிடப்பது அதற்கு ஆகாது. அதனுள் அமைந்த காவல் மின்சுற்று, வெப்பம் எல்லை மீறினால் மின்னேற்றத்தைக் குறைக்கும், அல்லது அடியோடு நிறுத்திவிடும். கூண்டறையில் வைத்த லித்தியம் மின்கலம் கெட்டுப்போகாமல் தன்னைக் காத்துக்கொள்ளும். நமக்கு மின்சாரம் வேண்டிய மாலைப் பொழுதில் வேலைநிறுத்தம் செய்யும். இன்வர்ட்டரும் அவ்வாறே. சூழ்ந்துள்ள காற்று ஓர் எல்லைக்கு மேல் சூடேறினால், பெரும்பாலான இன்வர்ட்டர்கள் தம் திறனைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் என்னும் சிறு உருளைகளுக்கும் அதே பத்து டிகிரிக் கணக்குதான்.

பழைய மின்கலங்களைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, எடைக்கு ஒரு தொகை பெற்று, புதியன இரண்டு வாங்கினோம். லித்தியத்திற்கு நம் கையிருப்பு இடம் தரவில்லை. ஆகவே மறுபடியும் ஈயமே. வாங்கியபின் அவற்றை முன்னறையில் ஒரு பலகை மேல் இறக்கிவைத்துவிட்டு, இடம் தேடத் தொடங்கினோம்.

காகா நமக்குச் சொன்ன முதல் யோசனை, விலை மலிவான சுவர் வெப்பமானி ஒன்றை வாங்கு என்பது. வீட்டில் ஐந்தாறு இடங்களில் மாற்றி மாற்றி அதைத் தொங்கவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அளவைக் குறித்துக்கொண்டோம். இவ்வேலை நாம் எண்ணியதைவிடச் சுவையாக இருந்தது. கூண்டறையில் பிற்பகல் 48 டிகிரி. அது வியப்பன்று. இரவு பத்து மணிக்கும் அங்கே 38 இருந்தது. வெளியே காற்று 27-க்கு இறங்கியிருந்த நேரம் அது. பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட்டுத் தளம், இரவெல்லாம் அதைச் சிறுகச் சிறுக உமிழ்கிறது. மேட்டுநிலமாகிய புணே வட்டாரத்தில் கோடை இரவுகள் சென்னையை நோக்க நன்றாகக் குளிர்பவை. அக்குளிர்ச்சி கூண்டறைக்குள் நுழையவே இல்லை.

மேற்கு முன்புறம் அடுத்துத் தள்ளப்பட்டது. மாலை வெயில் அதன் மேல் விழும்போது காற்றும் ஏற்கெனவே முழுச் சூடு ஏறியிருக்கும். அதுமட்டுமன்று; இவ்வூரின் பருவமழை மேற்கிலிருந்து காற்றோடு வந்து அச்சுவரைத்தான் அறைகிறது. கோடையில் சூடும் மழைக்காலத்தில் ஈரமுமாக இரண்டு தீமைகளும் ஒரே சுவரில் கூடுகின்றன.

அறைக்குள் வைத்துவிடலாமே என்றால், வீட்டிலேயே மிகவும் குளிர்ந்த இடம் தரைத்தளத்தின் நடுவில், மாடிப்படியின் அடியில் இருந்தது. பிற்பகலில் 31 டிகிரி. வெப்பமானியைப் பார்த்ததும், இடம் கிடைத்துவிட்டது என்று நாம் துள்ளினோம். காகா தலையை அசைத்தார். படிக்கட்டு வழியாகத்தானே மேலே உறங்குபவர்கள் இறங்கி வெளியே ஓட வேண்டும் என்றார்.

இதை நாம் சற்று விரித்துக் கூற வேண்டும். மின்கலத்தில் தீப்பற்றுவது அரிது. பற்றினால் முதலில் உயிரைப் பறிப்பது நெருப்பைக் காட்டிலும் புகை. புகை படிக்கட்டு வழியே மேலே ஏறும். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர்கள் வைத்திருந்த கீழ்த்தளத்தில் பற்றிய தீயின் புகை, மேலே இருந்த தங்கும் விடுதிக்குள் ஏறியது. எட்டுப் பேர் இறந்தனர். வீட்டு மின்கலம் அந்த அளவினதன்று. ஆயினும் புகை செல்லும் வழி ஒன்றே. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2019-இல் வெளியிட்ட தரவிதி, இத்தகைய மின்கலங்களை மாடிப்படியின் அடியிலும், கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலும் வைக்கலாகாது என்கிறது. வாயிலுக்கும் சன்னலுக்கும் 600 மில்லிமீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பிரிட்டனில் 2024-இல் வெளிவந்த குறிப்பும் படுக்கையறை, கூரையறை, தப்பிச் செல்லும் வழி ஆகியவற்றை விலக்குகிறது. அந்நாடுகளுக்கும் நமக்கும் வெயிலில் வேற்றுமை உண்டு. புகையில் வேற்றுமை இல்லை.

ஈய மின்கலத்திற்கு வேறோர் எச்சரிக்கையும் தேவை. மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் அதிலிருந்து ஹைடிரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தால், ஒரு பொறி போதும். மூடிய அலமாரிக்குள் மின்கலத்தை வைத்து, அழகுக்காகக் கதவிட்டுப் பூட்டுபவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த வாயு காற்றைவிட மிக இலேசானது, மேலேயே தேங்கும். ஆகவே காற்றுப்போக்கி கூரையை ஒட்டி உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் பூசையறை விளக்கு எரியலாகாது. சமையல் வாயு உருளையும் இருக்கலாகாது. அலமாரியில் வெப்பத் தொல்லையும் உண்டு. நூற்றுக்கு 95 பங்கு திறனுள்ள இன்வர்ட்டர் 2,000 வாட் தரும்போது ஏறத்தாழ 100 வாட்டை வெப்பமாக வெளிவிடுகிறது. பழைய காலத்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தியதற்கு அது ஒப்பாகும்.

எஞ்சியது கிழக்குப் பின்புறம். அங்கே ஐந்தடி அகலமுள்ள சிறு முற்றம். பாத்திரம் துலக்கும் தொட்டி. மேல் மாடியின் பால்கனி மூன்றடி நீண்டு நிழல் தருகிறது. கிழக்கு வெயில் காலையில் விழும். அப்போது காற்று இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கும். பத்து மணிக்குப் பிறகு சூரியன் ஏற ஏறப் பால்கனி நிழல் சுவரை மூடிவிடும். மேற்கிலிருந்து வரும் மழைக்கு வீடே மறைவு. பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானி 34 டிகிரி காட்டியது. இரவில் வெளிக்காற்றின் அளவே.

ஆனால் முற்றத்தின் வடகோடியில் தொங்கவிட்ட அன்று மட்டும் 41 காட்டிற்று. வெப்பமானி பழுதோ என்று ஐயுற்றோம். அண்டை வீட்டாரின் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி, மதிலுக்கு மேலாக நம் முற்றத்தின் அந்த மூலையை நோக்கித்தான் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் அங்கே குடியிருந்தும் இதை நாம் உணர்ந்ததில்லை.

அந்த மூலையைப் பற்றி நம் தாயாருக்கு வேறு ஆட்சேபம் இருந்தது. வடகிழக்கு ஈசானிய மூலை. அங்கே பாரமான, அமிலம் நிறைந்த பெட்டியை வைப்பதா? "அக்கினி மூலை தென்கிழக்குதானே, மின்சாரச் சாமானை அங்கே வை" என்றார். நாம் வாஸ்துவில் நம்பிக்கை உடையவர் அல்லர். எனினும் அவருடைய மூச்சுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்? வெப்பமானியும் தாயாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே தீர்ப்பைத் தந்தபின் நமக்கு வாதம் ஏது? கிழக்குச் சுவரின் தென்பகுதி முடிவாயிற்று. சமையலறைச் சன்னலிலிருந்தும் பின்வாசலிலிருந்தும் நாடாப் பிடித்து மூன்றடிக்குக் குறையாமல் அளந்தோம். அங்கிருந்த சமையல் வாயு உருளைதான் இடம் மாற வேண்டியதாயிற்று.

இன்வர்ட்டரை மேலேயே விட்டுவிட்டு மின்கலங்களை மட்டும் கீழே இறக்கலாம் என்று மின்பணியாளர் ஒரு சுருக்கு வழி சொன்னார். அவர் கையில் 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி மிச்சம் இருந்தது. காகா ஒரு தாளில் கணக்குப் போட்டார். நம் அமைப்பு 24 வோல்ட். 1,000 வாட் எடுத்தால் கம்பியில் 42 ஆம்பியர் ஓடும். போக 12 மீட்டரும் வர 12 மீட்டருமாக 24 மீட்டர் கம்பியில் ஏறத்தாழ 3 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். எட்டில் ஒரு பங்கு வீண். அந்த வீணும் கம்பியைச் சூடாக்கும். ஆகவே மின்கலமும் இன்வர்ட்டரும் அருகருகே இருப்பதே முறை. நீள வேண்டியது மின்பலகையிலிருந்து வரும் கம்பி. பலகைகளைத் தொடராக இணைத்தால் அழுத்தம் கூடி ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் இழப்பும் குறையும். முதலில் பொருத்தியவர் மிச்சப்படுத்திய கம்பிச் செலவை இப்போது கொடுத்தோம். நாம் இழந்த மின்கலங்களின் விலையில் அது ஒரு சிறு பகுதியே.

அருகருகே என்றால் ஒன்றின்மேல் ஒன்று என்று பொருள் கொள்ளலாகாது. மின்கலத்தின் தலைமேல் இன்வர்ட்டர் அமரும் சக்கர வண்டிகள் கடைகளில் விற்கின்றன. திறந்த வகை ஈய மின்கலத்தின் அமில ஆவி மேலே எழுந்து மின்சுற்றுகளை அரிக்கும். நாம் இன்வர்ட்டரை இரண்டரையடி தள்ளி, மார்பளவு உயரத்தில், சுவரில் மாட்டினோம். அதன் மேலும் கீழும் ஒரு முழம் வெறுமையாக விட்டோம். மின்கலங்களுக்கிடையே நான்கு விரல் இடைவெளி. மின்கலத்தின் சூட்டிற்கேற்ப மின்னேற்ற அழுத்தத்தைச் சரிசெய்யும் வெப்ப உணர்வி ஒன்று நம் இன்வர்ட்டரோடு வந்திருந்தது. பழைய அமைப்பில் அது உறை பிரிக்கப்படாமலே கிடந்தது! சூடேறிய மின்கலத்திற்குக் குறைந்த அழுத்தம் போதும். உணர்வி இல்லாவிடில் அது நாள்தோறும் மிகையாக மின்னேற்றம் பெற்று, நீரைக் கொதிநீர்போல் இழக்கும். இப்போது அதை மின்கலத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறோம்.

கீழே வைத்தால் வெள்ளம் வராதா என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். அணை திறந்து பவனா பெருகும் ஆண்டுகளில் மோரயா கோசாவி கோயிலுக்குள் நீர் புகுவதை இவ்வூரார் பார்த்துப் பழகியவர்கள். நம் தெரு மேட்டில் இருக்கிறது. எனினும் இரண்டடி உயர இரும்புத் தாங்கியின் மேல், அமிலம் சிந்தினால் ஏந்தும் தட்டு வைத்து, அதன் மேல் மின்கலங்களை ஏற்றினோம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களுக்குள் வெள்ளம் புகுந்ததை நினைப்பவர்கள், தம் தெருவில் அன்று நீர் நின்ற உயரத்தைச் சுவரில் பார்த்து, அதற்கு மேல் தாங்கியை அமைப்பார்களாக. வெப்பம் கீழே போ என்கிறது. வெள்ளம் மேலே போ என்கிறது. தாழ்வான பகுதியில் வசிப்போர்க்கு முதல் மாடியின் நிழலான பால்கனியே பொருத்தம்.

தமிழ்நாட்டு நேயர்கள் நம் கிழக்குச் சுவரை அப்படியே பின்பற்ற வேண்டா. வடக்குச் சுவரில் வெயிலே விழாது என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும்; அது நம் நாட்டில் பாதி உண்மையே. சிஞ்ச்வட்டில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். அக்காலத்தின் பெரும்பகுதியை மழைமேகம் மறைத்துவிடுவதால், வடக்குச் சுவர் உள்ளவர்க்கு இங்கே அதுவே முதல்தரமான இடம். சென்னையிலோ ஏப்ரல் இறுதியிலேயே சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே சென்றுவிடும். ஆகஸ்டு நடுவில்தான் திரும்பும். அக்கினி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் வடக்குச் சுவரில் சாய்வாக வெயில் படும். மேலும் அங்கே பெருமழை வடகிழக்கிலிருந்து வருவது. ஆகவே சென்னையில் வடக்குச் சுவருக்கு ஒரு சாய்ப்புக் கூரையும், ஒரு மூங்கில் தட்டியும் தேவை. பழைய தமிழ் வீடுகளில் பின்கட்டுத் தாழ்வாரம் என்று ஒன்று இருந்தது. ஓட்டுக் கூரை நிழல், நாற்புறமும் காற்று, உறங்கும் அறைகளிலிருந்து விலகல், உயர்ந்த திண்ணை. அதைவிடத் தகுந்த மின்கல அறையை எந்தப் பொறியாளரும் வரைந்துவிட முடியாது. இடித்துக் கட்டியவர்கள் அதைத்தான் முதலில் இடித்தார்கள்.

புணேயின் அடுக்குமாடி வீடுகளில் சமையலறையை அடுத்து ட்ரை பால்கனி என்றொரு சிறு இடம் விடுகிறார்கள். துணி துவைக்கும் இயந்திரம் நிற்பது அங்கேதான். அது வடக்கோ கிழக்கோ பார்த்திருந்தால், கம்பிக் கதவு மட்டும் இருந்து கண்ணாடி போட்டு அடைக்கப்படாமல் இருந்தால், இயந்திரத்தின் நீர் தெறிக்காத உயரத்தில் மின்கலத்திற்கு இடம் உண்டு. வாயு உருளையும் அங்கேயே இருந்தால் இடம் இல்லை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. 3 கிலோவாட் அமைப்பிற்கு ரூ. 78,000 உதவித்தொகை. நம் தெருவிலும் பல மாடிகளில் பலகைகள் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை மின்கலம் இல்லாதவை. மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. ஊர் மின்சாரம் நின்றால், கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அவையும் தாமே நின்றுவிடும். இதை அறியாமல், வெயில் காய்கிறதே, ஏன் விளக்கு எரியவில்லை என்று, பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் ஒரு வியாழக்கிழமையன்று நம் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. அவர்களிற் சிலர் இப்போது மின்கலம் சேர்க்க விரும்புகிறார்கள். பொருத்த வருபவர் அவர்களுக்கும் கூண்டறையைத்தான் காட்டுகிறார். நம் வெப்பமானி வீடு வீடாகச் சென்றுகொண்டிருக்கிறது.

இடம் மாற்றியபின் 2024, 2025 என இரண்டு முழுக் கோடைகள் கடந்தன. முன்பு கோடையில் மாதந்தோறும் வடிநீர் ஊற்றினோம். இப்போது நான்கு மாதங்களுக்கு ஒரு முறை. ஏப்ரல் முதல் தேதியும் அக்டோபர் முதல் தேதியும் தாயாரின் கருவியை மின்கலத்தில் மட்டும் ஓடவிட்டு, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று சுவர் நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறோம். சென்ற அக்டோபரில் நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம். காலை வெயிலுக்கென்று தொங்கவிட்ட மூங்கில் தட்டி நைந்துவிட்டது. அதை இந்த மார்ச்சுக்குள் மாற்ற வேண்டும். மாடிக் கூண்டறையில் தாயார் இப்போது மோர் மிளகாய் காயவைக்கிறார். மூன்றே நாளில் காய்ந்துவிடுகிறது என்கிறார்.